அன்ரன் என்ற பெயர் மட்டும்

திரேசக்கா இறந்த செய்தி எனக்குக் கனடாவிலிருந்து வந்தது. குருநகரில் அவருடைய வீடு என் வீட்டுக்கு அடுத்த ஒழுங்கை. நான் அன்றைக்குப் பார்த்துக் கோப்பாயில் மகள் வீட்டில் நின்றுவிட்டேன். ரொறன்ரோவில் இருக்கும் அவருடைய தங்கை லூர்து தொலைபேசியில் அழுதுகொண்டே சொன்னாள். கோயிலில் துக்க மணி அடிக்க முன்னரே செய்தி கடல் கடந்து போய்த் திரும்பியும் வந்துவிட்டது. திரேசக்கா கேட்டிருந்தால் சிரித்திருப்பார். நான் பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்து வெட்கமில்லாமல் அழுதுகொண்டு வந்தேன்.

அவரை அறிந்த உங்களுக்கு அவர் அவித்த இடியப்பமும் தெரியும், அவருடைய வாயும் தெரியும். பாடற்குழுவில் நான் குரலை உயர்த்தினால் பூசை நடுவிலும் திரும்பிப் பார்ப்பார். "கடவுளுக்குக் காது கேக்கும் தம்பி, கத்தாமல் பாடும்" என்பார். நானும் பாட்டை விட்டுவிட்டுப் பூசைக் கருத்துகளை, அதாவது யார் யாருக்காகப் பூசை என்ற பெயர்களை, வாசிக்கிற வேலைக்கு மாறிக்கொண்டேன்.

அவருடைய ஒரே பிள்ளை அன்ரன். போர்க்காலத்தில் வலைநூல் வாங்கச் சைக்கிளில் போனவன் திரும்பி வரவில்லை. சைக்கிளும் வரவில்லை. யாரைக் கேட்டும் பதில் இல்லை.

எங்கள் கோயிலில் பூசைக்குப் பெயர் கொடுப்பதென்றால் இரண்டு வழிதான். உயிரோடிருப்பவருக்கு நலம் வேண்டிக் கொடுக்கலாம், இறந்தவருக்கு ஆன்ம இளைப்பாற்றி வேண்டிக் கொடுக்கலாம். திரேசக்கா அன்ரனுக்கு இரண்டும் கொடுக்கவில்லை. ஏனென்று ஒருநாள் இடியப்பம் பிழிந்தபடியே சொன்னார். "செத்திருந்தால் அவனுக்குச் செபம் வேணும். நான் குடுக்காட்டி பாவம் தீருமட்டும் உத்தரிக்கிற ஸ்தலத்திலை கிடந்து வேகுவான். உயிரோடை இருந்தால், அந்தப் பூசையைக் குடுத்து நானே அவனைச் சாக்காட்டின மாதிரி. நான் எதைக் கேட்டு முழங்காலிலை நிக்கிறது?" நான் இடியப்பத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒரு கார்த்திகை மாதம் லூர்து ஊருக்கு வந்திருந்தாள். அக்காவின் மனம் ஆறட்டும் என்று நினைத்து, மரித்தோர் திருநாள் பூசைக்கு அன்ரனின் பெயரைக் கொடுத்துவிட்டாள். அந்தத் திருநாளில் மட்டும் பெயர்களைச் சுவாமியே வாசிப்பார். ஊருக்குப் புதிதாய் வந்திருந்த சுவாமி, இறந்தவர்களின் பெயர்களோடு அதையும் வாசித்தார். பெண்கள் பக்கத்தில் திரேசக்கா எழுந்து நின்றார். "என்ரை பிள்ளையை ஆர் செத்தவனாக்கினது?" என்று கேட்டார். கத்தவில்லை. கோயில் முழுவதும் கேட்டது. அப்படியே வெளியே போனவர் பிறகு மாதக்கணக்காகக் கோயில் வாசலை மிதிக்கவில்லை. லூர்துவோடும் பேச்சு நின்றது. எனக்கு லூர்துவில் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அவளும் அந்தப் பிள்ளையைத் தூக்கி வளர்த்தவள் என்பது கோபத்தில் மறந்துபோயிற்று.

பெரிய வெள்ளிக்கிழமை வந்தது. சிலுவையிலிருந்து இறக்கிய ஆண்டவரின் சுரூபத்தை முத்தமிடச் சனம் வரிசையில் நின்றபோது, கடைசி ஆளாகத் திரேசக்காவைக் கண்டேன். முத்தமிட்டுவிட்டு வியாகுல மாதாவின் முன்னால் வெகுநேரம் நின்றார். "மாதாவுக்குப் பிள்ளையின்ரை உடம்பாவது மடியிலை கிடைச்சுது" என்று என்னிடம் சொன்னார். அதைப்போல ஒரு கசப்பான சொல்லை நான் கோயிலுக்குள் கேட்டதில்லை.

உயிர்ப்புத் திருநாள் முடிந்தபின் சுவாமி இருக்கும் குருமனைக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். அன்ரனுக்கு ஒரு பூசை வேண்டும் என்றார். சுவாமி முன்பு சூடுபட்டவர். நலம் வேண்டியா, இளைப்பாற்றி வேண்டியா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அவன் எங்கையெண்டு ஆண்டவருக்குத் தெரியும் சுவாமி. எனக்குத் தெரிய வேணுமெண்டு இவ்வளவு காலமும் அவரோடை சண்டை பிடிச்சன். இனி ஏலாது. நீங்கள் பேரை மட்டும் சொல்லுங்கோ, மிச்சத்தை அவர் பாக்கட்டும்."

சுவாமி கொப்பியில் அந்தப் பெயரை மட்டும் எழுதினார். பிறகு, "ஓம் அம்மா" என்றார்.

அன்றிலிருந்து உயிரோடிருப்பவர்களின் பெயர்களை வாசித்து முடித்து, இறந்தவர்களுக்குப் போகுமுன், நான் சற்று நிறுத்தி 'அன்ரன்' என்று மட்டும் வாசிப்பேன். பெண்கள் பக்கத்தில் ஒரு தலை மட்டும் நிமிரும். பின்னர் வேறு தாய்மாரும் பெயர் கொண்டுவந்தார்கள். அவற்றையும் அதே இடத்தில் வாசித்தேன்.

திரேசக்காவின் அழுகை நிற்கவில்லை. ஆனால் நித்திரை வருகிறது என்றார். லூர்துவைத் தானாகவே தொலைபேசியில் கூப்பிட்டார். "அமைதி எண்டால் அழாமல் இருக்கிறதில்லைத் தம்பி. ஆரின்ரை கையிலை குடுத்திட்டு அழுறன் எண்டு தெரியிறது" என்று ஒருமுறை சொன்னார். அவர் சொன்னபோது எனக்கு விளங்கவில்லை. இப்போது அவருக்காக அழும்போது கொஞ்சம் விளங்குகிறது.

அடக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும், தாயும் மகனும் மோட்சத்தில் சேர்ந்துவிட்டார்கள் என்று ஆறுதல் சொன்னார்கள். முப்பத்தோராம் நாள் பூசைக்கு இரண்டு பெயரையும் ஒன்றாக வாசிக்கச் சொல்லி லூர்துவும் கேட்பாள் என்றுதான் நினைத்தேன். கனடாவிலிருந்து வந்து நின்ற அவள் பூசைக்கு முன் என்னிடம் வந்தாள். "அண்ணை, அன்ரன்ரை பேரை அக்கா கேட்ட மாதிரியே வாசியுங்கோ" என்றாள்.

வாசித்தேன். பெண்கள் பக்கத்தில் வழக்கமாய் நிமிரும் தலை இல்லை. அதன்பிறகுதான், இறந்தவர்களின் வரிசையில், திரேசக்காவின் பெயரை வாசித்தேன்.

அவர் என்னிடம் விட்டுப் போனது அந்த ஒரு பெயர்தான். இருக்கும்வரை வாசிப்பேன் அக்கா. கத்தாமல் வாசிப்பேன்.