அப்பாவுக்குக் கொடுத்த பூசை

அப்பா இறந்து ஒரு மாதம் முடிவதற்குள் அத்தை அவருக்காகக் கோயிலில் பணம் கட்டிப் பூசைக்குக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். என்னிடம் கேட்கவில்லை. இதையெல்லாம் கேட்டுச் செய்ய வேண்டும் என்றே அவருக்குத் தோன்றியிருக்காது.

"சனிக்கிழமை சாயந்தரம் நம்ம கோயில்ல உங்கப்பாவுக்குப் பூசை, தாயி. உங்கம்மாவுக்கும் போன் போட்டு வரச் சொல்லிட்டேன்" என்றார். நான் அப்போது மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். அவள் வாயைத் திறந்தபடி காத்திருக்க, கரண்டி என் கையிலேயே நின்றுவிட்டது.

அத்தை என் கணவரின் அம்மா. ஆர்.சி., கத்தோலிக்கக் குடும்பம். நான் பிறந்து வளர்ந்தது அருப்புக்கோட்டையில், புராட்டஸ்டன்ட் வீட்டில். பரளச்சிக்குப் பக்கத்தில் இந்த ஊருக்குக் கல்யாணமாகி வந்தேன். இங்கே எல்லாம் மானாவாரிக் கரிசல். கோயிலும் சிறியதுதான், பாதிரியாரான பங்குச் சாமி முறை வைத்து எப்போதாவது வந்து பூசை வைப்பார். என் கணவர் மஸ்கட்டில் லாரி ஓட்டுகிறார். வீட்டில் அத்தை, நான், பிள்ளை, மூன்று பேர்தான்.

அப்பா மில்லில் வேலை பார்த்தவர். வேதத்தை வரி வரியாகப் படித்தவர். என் கல்யாணத்துக்குச் சம்மதித்தார், மாப்பிள்ளையை மகனைப் போலவே பார்த்தார். ஆனால் பூசையைப் பலி என்று சொல்வதை மட்டும் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. "சிலுவையில ஒரே தரம் நடந்து முடிஞ்சு போச்சு. முடிஞ்சதுன்னு கர்த்தரே சொல்லிட்டாரு. முடிஞ்ச காரியத்தை வாராவாரம் யாரு ஒப்புக்கொடுக்கிறது?" என்பார். செத்தவருக்காக ஜெபிப்பதும் அவருக்குப் பிடிக்காது. "உயிரோட இருக்கும்போதே தீத்துக்க வேண்டிய கணக்கு" என்பார்.

கல்யாணத்துக்கு முன் ஆர்.சி. முறைகளைப் பற்றி நான் பாடம் படிக்கப் போனபோது சாமியிடம் இதைக் கேட்டிருக்கிறேன். அவர் கோபப்படவில்லை. "மறுபடி யாரும் அவரைச் சாகடிக்கலம்மா. அன்னைக்கு நடந்த அதே பலிதான். வேற புதுசு இல்ல. அது நம்ம முன்னால வந்து நிக்குது, அவ்வளவுதான்" என்றார். அவர் சொன்னதும் எனக்குப் புரிந்தது, அப்பா சொன்னதும் புரிந்தது. அதுதான் என் சங்கடம். ஏதாவது ஒன்று புரியாமல் இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

அம்மாவை நினைத்துத்தான் பயந்தேன். அம்மாவுக்கு மனம் நொந்தால் சண்டை போடமாட்டாள், வருவதை நிறுத்திவிடுவாள். என் சித்தி வீட்டு வாசலை அவள் மிதித்து எத்தனையோ வருஷமாகிறது. அப்பா போன பிறகு என்னைப் பார்க்க வருவதற்கு என்று எனக்கு இருப்பது அம்மா மட்டும்தான். பிறந்த வீட்டு ஆள் யாரும் வராத வீட்டில் எப்படி இருப்பது?

மஸ்கட்டுக்குப் போன் போட்டேன். "எங்கம்மா ஆசைக்குச் செய்யுது, விடேன்" என்றார் அவர். பின்னால் வண்டிச் சத்தம். "உங்கம்மாவை வர வேணாம்னு சொல்லிப் பாரேன்" என்றும் அவரே சொன்னார். வர வேண்டாம் என்று அம்மாவிடம் எப்படிச் சொல்வது? நிறுத்துங்கள் என்று அத்தையிடம் எப்படிச் சொல்வது? பாசத்தில் செய்கிறார். பாசத்தில் செய்யாமல் இருந்தால் எதிர்த்துப் பேசியிருக்கலாம். இப்படியே யோசித்து யோசித்துச் சனிக்கிழமை வந்துவிட்டது.

அம்மா வந்தாள். வெள்ளைச் சேலை, கைப்பை, அதற்குள் அவளுடைய வேதப்புத்தகம். ஓரமாகக் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் பிள்ளையோடு அவளுக்கும் அத்தைக்கும் நடுவில் உட்கார்ந்தேன்.

சாமி அப்பாவின் பெயரை வாசித்து, அவருடைய ஆன்மா இளைப்பாற இந்தத் திருப்பலி ஒப்புக்கொடுக்கப்படுகிறது என்று சொன்னார். அம்மா கைப்பையின் பிடியை இறுக்கிப் பிடித்தாள். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பத்தைச் சாமி உயர்த்தியபோது மணி அடித்தது. அந்த அப்பத்தில் கர்த்தரே இருக்கிறார் என்று எல்லாரும் முட்டி போட்டார்கள். அம்மா உட்கார்ந்தபடியே இருந்தாள். நான் முட்டி போட்டேன். போட்ட பிறகுதான் போட்டிருக்கக் கூடாதோ என்று தோன்றியது. நடுவில் எழுந்திருந்தால் இன்னும் மோசமாக இருந்திருக்கும்.

பிறகு கர்த்தர் கற்பித்த ஜெபம். எழுந்து நின்று எல்லாரும் சேர்ந்து சொன்னோம், அம்மாவும்தான். ஆர்.சி. கோயிலில் தீமையிலிருந்து காக்கும்படி கேட்கும் இடத்தோடு சனங்கள் நிறுத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு சாமி தனியாக ஒரு மன்றாட்டுச் சொல்வார். எங்கள் சபையிலோ நிறுத்தாமல், ராஜ்யமும் வல்லமையும் அவருக்கே என்று ஆமென் வரைக்கும் போவோம். அம்மாவுக்கு இது தெரியாது. ஊரே நிறுத்தியது. அம்மாவின் குரல் மட்டும் தனியாகப் போனது.

முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மாவுக்கும் தெரிந்துவிட்டது. குரல் கொஞ்சம் நடுங்கியது, ஆனால் நிறுத்தவில்லை. அப்பாவின் அடக்கத்தில் கல்லறை மேட்டில் நின்று சொன்ன அதே குரல். என்ன செய்கிறேன் என்று யோசிக்காமல் பாதியில் சேர்ந்துகொண்டேன். கடைசி வார்த்தைகளை நாங்கள் இரண்டு பேரும்தான் சொன்னோம். சாமி கையை விரித்தபடி காத்திருந்துவிட்டு, நாங்கள் முடித்த பிறகு தொடங்கினார்.

நற்கருணை அப்பம் வாங்க நான் போகவில்லை. பிள்ளை அழுகிறது என்று வெளியே வந்தேன். பிள்ளை அழவில்லை.

பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது அம்மாதான் ஆரம்பித்தாள்.

"மதினி, அவுக மேல இருக்கிற பிரியத்துல செஞ்சீக. எனக்குத் தெரியாம இல்ல. ஆனா அவுகளுக்கு இது வேணாம். உயிரோட இருந்தா உங்க கூட வாதாடியிருப்பாக."

"வாதாடட்டுமே! வாதாடத்தான் இப்ப ஆளு இல்லையே, மதினி" என்றார் அத்தை. "எங்க வீட்டுக்காரருக்கு வருசா வருசம் குடுக்குறேன். உங்க வீட்டுக்காரரை மட்டும் வெறுங்கையா அனுப்ப எனக்கு மனசு வரல."

"அவுக வெறுங்கையாப் போகல. அதைத்தான் சொல்றேன்."

"அப்ப குடுத்தது வீணாவா போகும்? யாருக்காச்சும் ஆகும்."

அம்மா சிரித்துவிட்டாள். "உங்களைச் செயிக்க முடியாது. குடுக்கணும்னா உங்க நிம்மதிக்குக் குடுங்க. பேரை மட்டும் வாசிக்க வைக்காதீக. அவுக பேரு எனக்கு அப்படிக் கேக்க முடியல."

அத்தை பிள்ளையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, வேலிக்கருவை மர நிழலுக்குத் தள்ளிப் போனார். எங்களைப் பேச விட்டுத்தான் போனார் என்று நினைக்கிறேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். "நீ முட்டி போட்டல்ல. என்ன நினைச்சுப் போட்ட?"

எல்லாரும் போட்டார்கள் என்று சொல்லலாம். நம்பித்தான் போட்டேன் என்று சொல்லலாம். இரண்டில் எது உண்மை என்று எனக்கே தெரியவில்லை. "தெரியலம்மா" என்றேன்.

"அப்புறம் எங்கூடவும் சேந்து சொன்ன."

"ஆமா."

"அதையாவது தெரிஞ்சு சொன்னியா?"

நீ தனியாகச் சொன்னாய், அதனால் சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம். அதற்குள் திருச்சுழிப் பக்கமிருந்து பஸ் வந்தது. அம்மா ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, கம்பி வழியாகக் கையை நீட்டி என் கன்னத்தைத் தொட்டாள்.

"வாரேன்டி. வராம எங்க போகப்போறேன்? அடுத்த தடவை பூசை இல்லாத நாளாப் பாத்துக் கூப்பிடு."

பஸ் திரும்புகிற வரை தலையை ஆட்டிக்கொண்டே நின்றேன்.