சீட்டி நின்றபோது

என் கணவர் யோனாஸ் ஜெர்மன்காரர். பெர்லினில் இருந்த நாங்கள் அவருடைய வேலைக்காக மும்பை மாட்டுங்காவுக்குக் குடிவந்தோம். மழைக்காலம் தொடங்கியதும், டெங்கு பயத்தில் குளியலறை ஜன்னலின் இடுக்குகளையெல்லாம் அவர் டேப் ஒட்டி அடைத்தார். டேப்பை வெட்டிக் கொடுத்தது நான்தான்.

"கொசுவுக்குப் பயந்து கோட்டையே கட்டிட்டேளா?" என்று சிரித்தார் பக்கத்து வீட்டு மாமி.

யோனாஸ் சீட்டியடித்துக்கொண்டே குளிப்பார். மறுநாள் காலை மாமியுடன் வாசலில் பேசிக்கொண்டிருந்தபோது சீட்டி நின்றது. தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது. கூப்பிட்டேன்; பதில் இல்லை.

"கதவை உடைடி! உள்ளே வெந்நீருக்கு கேஸ் கீஸர் எரியறதோன்னோ?"

இருவரும் மோதியதில் தாழ்ப்பாள் தெறித்தது. தரையில் கிடந்தவரை வெளியே இழுத்தோம். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்த பிறகே தெளிந்தார்.

அடைத்த அறையில் கேஸ் எரிந்தால் விஷவாயு சேரும் என்று இன்ஜினீயரான நான் படித்திருக்கிறேன். கொசுவை நினைத்தபோது அது நினைவுக்கு வரவில்லை.

இப்போது கீஸர் பால்கனியில் இருக்கிறது; ஜன்னலில் வலை போட்டிருக்கிறோம். ஆனாலும் தண்ணீர் மட்டும் கொட்டிய அந்தச் சத்தம் என் காதைவிட்டுப் போகவில்லை. அவர் குளித்து முடிக்கும்வரை நான் நகர்வதில்லை. சீட்டி நின்றால் கதவைத் தட்டுவேன். அவர் கற்ற முதல் தமிழ்ச் சொல் உள்ளிருந்து வரும்:

"இருக்கேன்."