பாண் துண்டால் அழித்த காவலரண்

போர்க்காலத்தில் நானும் தவமலரும் கண்டியில் ஒரே அறையில் தங்கி ஓவியம் படித்தோம். நான் யாழ்ப்பாணம், அவள் நாவலப்பிட்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம்.

வந்த புதிதில் அவள் ஒரு தவறு செய்தாள். பாடத்துக்காகப் பஸ் நிலையத்தை, மண்மூட்டைக் காவலரணோடு சேர்த்து அப்படியே வரைந்தாள். தமிழ்ப் பெண்ணின் பையில் அந்தப் படத்தைக் கண்ட இராணுவத்தினர், குண்டு வைக்கத் திட்டம் என்றே நினைத்தார்கள். விரிவுரையாளர் போய்ப் பேசித்தான் அவளை மீட்டார்.

நானாக இருந்தால் படிப்பையே விட்டிருப்பேன். அவளோ தாளைத்தான் விட்டாள். வெறுங்கையோடு போய்ப் பார்த்துவிட்டு வந்து, அறையில் கரித்துண்டால் வரைவாள். ஒருநாள் அதே காவலரணை வரைந்தாள். சிப்பாயின் பெருவிரலில் ஒரு துணிக்கட்டு. சும்மா சேர்த்திருக்கிறாள் என்று நினைத்தேன். மறுநாள் என் அடையாள அட்டையை வாங்க அவன் நீட்டிய கையில் அதே கட்டு, அதே முடிச்சு.

அறைக்கு ஓடிவந்தால், அவள் காலையில் தின்று மிஞ்சிய பாண் துண்டைப் பிசைந்து அந்தப் படத்தை அழித்துக்கொண்டிருந்தாள். கரியை எடுக்க அதைவிட நல்ல அழிறப்பர் இல்லை.

"உனக்கென்ன விசரே? ஏன் அழிக்கிறாய்?"

"இருந்தா மாட்டிக்குவோம். மொதல்ல கண்ணப் பழக்கு, கை தானா வரும். நாளைக்கும் அந்த வழியாத்தானே போறோம்?"

அடுத்த காலை அதே சிப்பாய் அவள் பையைக் கவிழ்த்தான். ஒரு பாண் துண்டு மட்டும் விழுந்தது. சிரித்துக்கொண்டே போகச் சொன்னான். அவள் அவசரப்படவில்லை. சிரிக்கும்போது அவனுக்கு எந்தக் கன்னம் குழிகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.