ஆயுத பூஜையன்று அப்பா சிரித்தார்

நான் பில் போடுகிற கம்ப்யூட்டரின் நெற்றியில் மூன்று விரல் விபூதி பூசி, நடுவில் குங்குமம் வைத்தவர் அப்பாதான். வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய், பொட்டு நேராக இருக்கிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். கடை ஷட்டரின் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். தராசுக்கும் கல்லாப்பெட்டிக்கும்கூடச் சந்தனம் வைத்தாகிவிட்டது. அப்பாவை நினைக்கும்போதெல்லாம் அந்தத் தலைசாய்ப்புதான் முதலில் வருகிறது. சற்று நேரத்தில் அதே இடத்தில் நடந்தது அதன் பிறகுதான் வரும். ஆனால் ஒருமுறைகூட அது வராமல் இருந்ததில்லை.

சிம்மக்கல்லில் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் இருந்தது அந்தக் கடை. பம்புசெட்டுக்கும் டிராக்டருக்கும் உதிரிபாகங்கள் மொத்த விற்பனை. அப்பா கல்யாணத்துக்கு முன்பே அங்கே வேலைக்குச் சேர்ந்தவர். திருவாதவூரில் எங்கள் குடும்பத்து ஆட்கள் எல்லோரும் அடுத்தவர் வயலில் இறங்கி வேலை பார்த்தவர்கள். பேண்ட் போட்டுக்கொண்டு நிழலில் நின்று சம்பளம் வாங்கிய முதல் ஆள் அப்பா. பெட்டி இறக்கச் சேர்ந்தார்; பிறகு ஸ்டோர் முழுவதும் அவர் பொறுப்புக்கு வந்தது. பெரிய முதலாளியின் மகனைச் சைக்கிளில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்தில் விட்டுவந்ததும் அவர்தான். பெரிய முதலாளி போன பிறகு அந்த மகன் கடைக்கு முதலாளியானார். அப்பாவை அவர் கடைசிவரை ‘அண்ணே’ என்றுதான் கூப்பிட்டார். அப்பா அவரைக் கூப்பிட்டுவந்த ‘தம்பி’ எந்த வருஷம் ‘சார்’ ஆனது என்று அப்பாவுக்கே நினைவில்லை.

நான் பி.காம். முடித்ததும் அப்பா என்னை அங்கேயே பில் போடச் சேர்த்துவிட்டார். ஒத்தக்கடையில் எங்கள் வீட்டிலிருந்து தினமும் அவருடைய டி.வி.எஸ். வண்டியில் பின்னால் உட்கார்ந்து போவேன். யானைமலையைத் தாண்டும்போது எதிர்க்காற்று முகத்தில் அடிக்கும். அவர் முதுகுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொள்வேன். முதல் நாள் ஆற்றுப் பாலத்து நெரிசலில் வண்டி சிக்கிக்கொண்டு நின்றபோது திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: “முதலாளி கொஞ்சம் பேச்சு ஒரு மாதிரி பேசுவாரு. காதுல வாங்காத பாப்பா. வேலைய மட்டும் பாரு.”

ஒரு மாதிரி என்று அவர் சொன்னது அந்த வாரத்திலேயே எனக்குப் புரிந்தது. முதலாளிக்குப் பேச்சுத் துணைக்கு ஆள் வந்துவிட்டால் போதும், பேச்சு பெண்களிடம்தான் போய் நிற்கும். மனைவியோடு கடைக்கு வந்த மெக்கானிக், வீட்டுக்காரிகளின் மாதச் செலவு, கடையைக் கூட்டிப் பெருக்க வரும் பெண்ணின் நடை என்று எல்லாவற்றிலும் அவருக்கு ஒரு வேடிக்கை இருந்தது. சொல்லி முடித்ததும் சுற்றி நிற்பவர்களை ஒருமுறை பார்ப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அப்பாவும் சிரிப்பார். அந்தச் சிரிப்பை நான் அங்கேதான் முதன்முதலாகப் பார்த்தேன். வீட்டில் ஞாயிற்றுக்கிழமை டி.வி.யில் காமெடி போட்டால் அப்பா தொடையில் அடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, மூச்சு முட்டச் சிரிப்பார். பக்கத்து வீட்டில் கேட்கும். கடையில் அவர் சிரித்தபோது சத்தமே வரவில்லை. உடம்பு லேசாகக் குனிந்து, தோள் மட்டும் குலுங்கி நின்றது.

அந்த ஆயுத பூஜைக்கு நான் புடவை கட்டிப் போயிருந்தேன். எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். பம்பு கம்பெனியிலிருந்து வந்த அதிகாரி ஒருவரும் மேலூர்ப் பக்கத்து வியாபாரிகள் சிலரும் முதலாளியின் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பூஜை முடிந்தது. அப்பா சூடத் தட்டை எல்லோருக்கும் காட்டிக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் நான் பொரியும் கடலையும் இருந்த தட்டை நீட்டிக்கொண்டு வந்தேன். அந்த அதிகாரி, “இது யாரு, புதுசா இருக்கு?” என்று கேட்டார். முதலாளி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

“நம்ம அண்ணனோட பொண்ணு. இத்தன வருசமா அண்ணன் எம்புட்டோ ஸ்பேர் பார்ட்ஸ் எடுத்துக் குடுத்திருக்காரு. ஆனா அவரு சொந்தமாத் தயார் பண்ணுன பீஸு இதுதான். பார்ட்ஸ் எல்லாம் அம்சமா இருக்கு பாத்தீங்களா? இன்னும் சீல் ஒடைக்காத சரக்கு.”

சிரிப்பு எழுந்தது. ஒருவர் மேஜையைத் தட்டினார். நான் அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. எனக்கு முன்னால் சூடத் தட்டோடு நின்ற முதுகைத்தான் பார்த்தேன். தினமும் காலையில் எதிர்க்காற்றுக்கு நான் மறைந்துகொள்கிற முதுகு. அது லேசாகக் குனிந்தது. தோள்கள் குலுங்கின.

கையிலிருந்த தட்டை முதலாளியின் மேஜைமேல் வைத்தேன். “சார், இப்பச் சொன்னத எங்கப்பா மூஞ்சியப் பாத்து இன்னொரு தடவ சொல்லுங்க” என்றேன். துணிச்சலாகச் சொன்னேன் என்று பிறகு சிலர் சொன்னார்கள். அப்படியெல்லாம் இல்லை. குரல் கிரீச்சிட்டது. முதலாளிக்கு முதலில் கோபம் வரவில்லை. கடையிலிருந்த தராசு வாய்திறந்து பேசிவிட்டதைப்போல என்னைப் பார்த்தார். சந்து முனையில் யாரோ பூசணிக்காய் உடைக்கிற சத்தம் கேட்டது.

“என்னம்மா நீ, நல்ல நாளும் அதுவுமா. விளையாட்டுக்குச் சொன்னது” என்றவர் அப்பாவின் பக்கம் திரும்பினார். “என்னண்ணே, பிள்ளைக்கு விளையாட்டுன்னா என்னன்னு சொல்லிக் குடுக்கலயா?”

“சின்னப் பிள்ள சார். மனசுல வச்சுக்கிராதீங்க” என்றார் அப்பா. பிறகு என்னைப் பார்க்காமல், சூடத்தைப் பார்த்துக்கொண்டே, “சாரின்னு சொல்லிரு பாப்பா” என்றார்.

அதற்குப் பிறகு முதலாளி பேசியது எனக்குப் பெரிதாகப் படவில்லை. பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பின்னால் யாரும் கூப்பிடவில்லை. சிம்மக்கல் பஸ் ஸ்டாப்பில் பண்டிகைக் கூட்டம். வந்த பஸ்ஸெல்லாம் முகத்தில் சந்தனத்தோடும் மாலையோடும் வந்தன. ஒத்தக்கடை வரை நின்றுகொண்டே போனேன். அழுகை வரும் என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், வரவில்லை.

அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் வாயில் துணியை வைத்துக்கொண்டு கேட்டாள். கேட்டு முடித்து, “ஒரு சொல்லுதானடி. தொடச்சுப் போட்டுட்டு வந்திருக்கலாம்ல” என்றாள். அப்பா மதியம் தாண்டி வந்தார். எல்லோருக்கும் கொடுத்ததுபோல அவருக்கும் பொரிப் பொட்டலம் கொடுத்திருந்தார்கள். அதை ஜன்னலில் வைத்துவிட்டுச் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“நாளக்கி என்கூட வந்து ஒரு வார்த்த சொல்லிரு. அம்புட்டுத்தான். மத்தத நான் பாத்துக்கிறேன்.”

“நீங்க ஏம்ப்பா சிரிச்சீங்க?”

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “நான் சிரிச்சாத்தான் அது விளையாட்டு. சிரிக்கலேன்னு வையி, பெத்த பிள்ளைய ஒருத்தன் அப்பிடிச் சொல்லக் கேட்டுக்கிட்டுக் கையில தட்டோட நின்னவன் நானு. அப்புறம் எப்பிடி நாளக்கி அங்க வேலைக்குப் போவேன்?”

அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, அந்த வீட்டைவிட்டு எங்காவது போய்விடவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை. மறுநாள் அவர் தனியாகத்தான் வண்டியை எடுத்தார்.

நான் பிறகு அந்தக் கடைக்குப் போகவேயில்லை. அதற்கான தண்டனை அவருக்குத்தான் வந்தது. ஸ்டோர் சாவியை வேறொருவரிடம் கொடுக்கச் சொல்லிவிட்டு, ரிங் ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்த குடோனுக்கு அப்பாவை அனுப்பினார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, விற்காத பழைய சரக்கு, துரு, எலி. பேச ஆள் கிடையாது. “வயசு ஆச்சுல்ல, அண்ணன் கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கட்டும்” என்று முதலாளி எல்லோரிடமும் சொன்னாராம். அப்பா எங்களிடம், “சும்மா ஒக்காந்திருக்கிறதுக்குச் சம்பளம் குடுக்கிறாக, நல்லதுதான்” என்றார். சாயங்காலம் வந்து குளிக்கும்போது தண்ணீர் காவி நிறத்தில் ஓடும். இருமல் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் டி.வி. ஓடும். காமெடி வந்தால் எழுந்து போய் வண்டியைத் துடைப்பார். எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. சாப்பிட்டாயா, மழை வரும்போல, பஸ் கிடைத்ததா என்று பேசிக்கொண்டோம். அதற்குமேல் பேச்சை நகர்த்த எங்கள் இருவருக்குமே பயமாக இருந்தது.

ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பில்லிங் பிரிவில் எனக்கு வேலை கிடைத்தது. சொந்தத்தில் வந்த இரண்டு வரன்கள் தட்டிப்போயின. ‘கடையில மொதலாளிய எதுத்துப் பேசுன பிள்ள’ என்று பேச்சு ஊருக்குப் போயிருந்தது. என்ன பேசினேன், எதற்குப் பேசினேன் என்பது போகவில்லை. மூன்றாவதாக வந்தவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கல்யாணம் முடிவானதும் அப்பா முதல் பத்திரிகையை முதலாளிக்கு எடுத்து வைத்தார். நான் வேண்டாம் என்றேன். “சம்பளம் குடுக்கிறவருக்குப் பத்திரிக்க வைக்காம இருக்க முடியுமா?” என்றார். அதற்குப் பிறகு கல்யாணம்வரை நான் அவரோடு சரியாகப் பேசவில்லை.

முதலாளி வந்தார். மண்டப வாசலுக்கே போய் அழைத்துவந்து முன்வரிசையில் உட்காரவைத்தார் அப்பா. பிறகு மேடைக்குக் கூட்டிவந்தார். பரிசைக் கொடுத்துவிட்டுப் படத்துக்கு நிற்கும்போது முதலாளி என் கணவரின் தோளில் கை போட்டார். “மாப்ள, பொண்ணுக்கு வாய் கொஞ்சம் நீளம். தாலி வாங்கும்போதே ஒரு பூட்டும் சேத்து வாங்கியிருக்கணும். வேணும்னா சொல்லுங்க, நம்ம கடையில நல்ல பூட்டா இருக்கு.” மேடையில் நின்ற உறவுக்காரர்கள் சிரித்தார்கள். என் கணவர் விஷயம் தெரியாமல் பாதிச் சிரிப்பு சிரித்தார். முதலாளி வழக்கம்போலச் சுற்றிப் பார்த்தார். கடைசியாக அப்பாவைப் பார்த்தார்.

அப்பா சிரிக்கவில்லை. முறைக்கவும் இல்லை. பட்டு வேட்டியின் நுனியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்களின் சிரிப்பு ஒவ்வொன்றாக அடங்கியது. முதலாளியின் முகத்தில் மட்டும் அது போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் ஒட்டிக்கொண்டிருந்தது.

“பந்தி நடக்குது. சாப்பிட்டுப் போங்க தம்பி” என்றார் அப்பா.

தம்பி என்ற சொல்லைக் கேட்டு முதலாளி ஒருகணம் அப்படியே நின்றார். பிறகு மேடையிலிருந்து இறங்கி, பந்திப் பக்கம் போகாமல் நேராகக் காருக்குப் போனார். அந்த மாதமே குடோனைக் காலி செய்யப்போகிறோம், இனி வரவேண்டாம் என்று கணக்குப்பிள்ளையை விட்டுச் சொல்லி அனுப்பினார்கள். அப்பா அதை எனக்குப் போனில், வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார். அதற்குப் பிறகு அவர் வேலைக்குப் போகவில்லை, போகிற உடம்பும் இல்லை. எங்கள் ஆஸ்பத்திரி டாக்டர் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, எங்கே வேலை பார்த்தார் என்று கேட்டார். சொன்னேன். படத்தைக் கீழே வைத்துவிட்டு, “அந்தத் துருவும் தூசியுந்தான்” என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருந்த அந்த நாட்களில் எவ்வளவோ பேசினோம். மேடையில் அன்று ஏன் சிரிக்கவில்லை என்று மட்டும் நான் கேட்கவில்லை. ஏன் சிரித்தீர்கள் என்று ஒருமுறை கேட்டதே எங்கள் இருவருக்கும் போதும் என்றிருந்தது. ஒரு கார்த்திகை மாதம் அப்பா போய்ச் சேர்ந்தார். கடைக்குச் சொல்லியனுப்ப வேண்டாம் என்று அம்மாதான் சொன்னாள்.

இப்போது பில்லிங் பிரிவு என் பொறுப்பில் இருக்கிறது. சில வாரங்களுக்கு முன்பு உள்அறையில் இருந்தபோது முன் கவுண்டரிலிருந்து ஒரு குரல் கேட்டது. “இம்புட்டு அழகா உக்காந்திருந்தா நீ எம்புட்டு பில்லு போட்டாலும் குடுத்துத்தானம்மா ஆகணும்.” கவுண்டரிலிருந்த பெண் கீபோர்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சிரித்தாள். எழுந்து பார்ப்பதற்கு முன்பே அது யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பெண்ணை டீ குடித்துவிட்டு வரச் சொல்லிவிட்டு, அவள் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன்.

முதலாளிக்குத் தலை முழுவதும் நரைத்திருந்தது. தன் அம்மாவை அட்மிட் பண்ணியிருப்பதாகச் சொன்னார். என்னைக் கூர்ந்து பார்த்தார். “ஏம்மா, நீ நம்ம அண்ணன் பொண்ணுல்ல?” என்றவரின் முகத்தில் உண்மையாகவே சந்தோஷம் தெரிந்தது. ஆயுத பூஜையையோ கல்யாண மேடையையோ மறைத்துக்கொள்கிற முகமாக அது இல்லை. அவற்றில் எதுவுமே அவருக்கு ஞாபகம் இல்லை. “அண்ணன் எப்பிடி இருக்காரு?”

“எறந்துட்டாரு சார்.”

“அடப் பாவமே. எனக்கு ஒரு வார்த்த சொல்லலயே” என்று கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். “என்னையச் சைக்கிள்ல வச்சுப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போனவரும்மா. அண்ணன நெனச்சா அந்தச் சிரிப்புத்தாம்மா ஞாபகம் வருது. நான் என்ன சொன்னாலும் சிரிப்பாரு.”

“உங்ககிட்டச் சிரிச்ச மாதிரி எங்கப்பா வீட்டுல ஒருநாளும் சிரிச்சதில்ல சார்” என்றேன்.

அவர் கண் கலங்கிவிட்டது. “ஆமாம்மா” என்றார். “எம்மேல அவருக்கு அம்புட்டுப் பிரியம்.”

அந்தக் கண்ணீர் பொய் என்று என்னால் சொல்ல முடியாது. ரசீதைக் கிழித்து அவர் கையில் கொடுத்தேன். அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி லிஃப்ட்டை நோக்கி நடந்தார். வரிசையில் அடுத்து நின்றவரை நான் கூப்பிட்டேன்.