அடிபட்டவனின் ஜெர்சி

யாருக்காவது அடிபட்டால்தான் எனக்குப் போன் வரும். ரக்பியில் என் பிழைப்பு அப்படி. பந்தோடு பாய்ந்து புள்ளி எடுக்கிறவர்களைக் கிளப்காரர்கள் சீசன் தொடங்குமுன்பே பேசி முடித்துவிடுவார்கள். நான் அந்த ரகம் இல்லை. எதிரணிக்காரன் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தால் இடுப்பைக் கட்டிப்பிடித்து மண்ணில் சாய்க்கிறவன். அதற்கு எல்லாக் கிளப்பிலும் ஆள் இருக்கும். அந்த ஆளின் முழங்கால் போனால், தோள் கழன்றால், அப்போது என் ஞாபகம் வரும். மாத்தளையில் தொடங்கி கண்டி, கொழும்பு என்று கிளப் மாறி மாறி ஆடியது இப்படித்தான்.

அன்றைக்குத் தம்புள்ளைச் சந்தையில் லொறியிலிருந்து கரட் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். ஆட்டம் இல்லாத மாதங்களில் அதுதான் வேலை. போன் அடித்தது. கொழும்புக் கிளப் ஒன்றின் கோச்.

"மல்லி, இன்னும் ஓடுறியா?" என்று சிங்களத்தில் கேட்டார். மல்லி என்றால் தம்பி.

மூட்டை தோளில் இருக்கும்போதே "ஓடுறேன் சேர்" என்றேன்.

அவர்களுடைய ஆட்டக்காரர் ஒருவருக்கு முழங்கால் பிசகிவிட்டதாம். சனிக்கிழமை கண்டியில் மெட்ச். எந்தக் கிளப்போடு என்று கேட்டேன். நான் முதல்முதலாக ஆடிய மாத்தளைக் கிளப்பின் பெயரைச் சொன்னார். மூட்டையைக் கீழே போட்டேன். கடைக்கார முதலாளி என் முகத்தைப் பார்த்தே, "என்ன, திரும்பப் போறியா? போ, போ" என்று சிரித்தார்.

எங்கள் ஊர் பலாபத்வலயில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி கண்டுபிடித்துவிட்டாள்.

"யாருக்குங்க அடிபட்டிச்சு?"

"கொழும்புல ஒருத்தனுக்கு. முழங்கால்."

"ஐயோ பாவம், யாரு பெத்த புள்ளையோ." ஒரு நிமிடம் முகத்தைத் தொங்கப் போட்டிருந்தாள். பிறகு அடக்க முடியாமல், "அப்ப சனிக்கிழம ஆடுறீங்களா?" என்றாள்.

கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவள் என் ஆட்டம் ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. டிவியில் காட்டினாலும் குசினிக்குள் போய் அடுப்படியில் நின்றுகொள்வாள். இந்த முறை தானும் வருகிறேன் என்றாள்.

"நீ கண்ண மூடிக்கிட்டுத்தான் இருப்ப."

"மூடினா மூடிக்கிறேன். நான் வாரேன்."

சாயங்காலம் இன்னொரு போன். பழைய கிளப்பில் என்னோடு சேர்ந்து ஆடத் தொடங்கியவன். மாத்தளை டவுன் முஸ்லிம் பையன், விங்கில், அதாவது மைதானத்தின் ஓரத்தில், ஆடுகிறவன். அந்தக் கிளப்பிலேயே அவனைவிட வேகமாக ஓடுகிறவன் யாரும் இல்லை. என்னை அவர்கள் விட்டபோது அவனைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். அதில் எனக்கு வருத்தம் இருந்ததே தவிர அவன்மேல் கோபம் இருந்ததில்லை.

"மச்சான், உண்மையாவா? எங்களுக்கு எதிராவா ஆடப்போற?"

"ஆமாடா."

"அப்ப நான் ஒன் பக்கமே வரமாட்டேன்."

"வந்துதான் பாரேன்."

இரண்டு பேரும் சிரித்தோம். ஆனால் போனை வைத்த பிறகு எனக்கு உட்கார முடியவில்லை. அவன் ஓடுகிற விதம் கண்ணுக்குள்ளேயே நின்றது.

சனிக்கிழமை உடை மாற்றும் அறையில் ஒரு ஜெர்சி தந்தார்கள். முழங்கால் போனவருடையது. அவர் என்னைவிடப் பெரிய உடம்புக்காரர் போலிருக்கிறது, தோளில் தொளதொளவென்று தொங்கியது. அதைக் காற்சட்டைக்குள் சொருகிக்கொண்டு மைதானத்தில் இறங்கினேன். ரசிகர்கள் பக்கம் பப்பரே பேண்ட் வாத்தியம் முழங்கியது. விசில் ஊதியதும் அவர்களில் ஒரு தடியன் நேரே என்மேல் வந்தான். தோளைக் கொடுத்தேன். அவன் மல்லாந்து விழுந்தபோது என் எலும்பெல்லாம் அதிர்ந்தது. அந்த அதிர்வு எனக்குப் பிடிக்கும். இதை எப்படிச் சொன்னாலும் மனைவிக்கு விளங்குவதில்லை. எழுந்து அடுத்த ஆளைத் தேடினேன்.

முடிகிற நேரத்தில் நாங்கள் கொஞ்சம் முன்னால் இருந்தோம். அவர்கள் ஒரு முறை எங்கள் கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்தால் ஆட்டம் அவர்களுக்கு. அப்போதுதான் பந்து விங்குக்குப் போனது. நண்பன் பிடித்தான். ஒருவனை ஏமாற்றி இன்னொருவனைத் தள்ளிவிட்டு ஓரமாகப் பறந்தான். அவனுக்கும் கோட்டுக்கும் நடுவில் நான் மட்டும்தான்.

நேராகத் துரத்தினால் அவனைப் பிடிக்க முடியாது. மூலைக் கொடியைக் குறிவைத்துக் குறுக்கே ஓடினேன். என்னைப் பார்த்தவன் உள்பக்கம் வெட்டப்போவதுபோல் தோளைக் காட்டினான். நான் தோளைப் பார்க்கவில்லை, இடுப்பைப் பார்த்தேன். இடுப்பு வெளிப்பக்கமே போனது. அப்படியே பாய்ந்தேன்.

கட்டிப்பிடித்தபடி எல்லைக்கோட்டுக்கு வெளியே உருண்டு விளம்பரப் பலகையில் போய் மோதினோம். புழுதியில் ஒன்றும் தெரியவில்லை. தலையைத் தூக்கினால் லைன்ஸ்மன் கொடியை உயர்த்தி நின்றார். பந்து வெளியே! நீண்ட விசில் ஊதியது. எங்கள் ஆட்கள் என்மேல் வந்து விழுந்தார்கள். அதில் பாதிப் பேரின் பெயர்கூட எனக்கு அப்போது தெரியாது.

கீழே கிடந்த நண்பன், "சனியனே, ஒன்ட பக்கம் வரமாட்டேன்னு சொன்னேன்தானே" என்று இருமிக்கொண்டே சிரித்தான். கை கொடுத்துத் தூக்கிவிட்டேன்.

மனைவி கம்பி வேலி வரைக்கும் ஓடி வந்திருந்தாள். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்தது.

"பாத்தியா?"

"எல்லாத்தையும் பாத்தேன். அந்தப் பையனுக்கு ஒண்ணும் ஆகலதானே?"

அடுத்த சீசனுக்கு முழங்கால் சரியாகி ஜெர்சிக்காரர் திரும்பி வந்தார். கோச் கையைப் பிடித்து நன்றி சொல்லி என்னை அனுப்பிவைத்தார். மனம் சங்கடப்படத்தான் செய்தது. தம்புள்ளைச் சந்தையில் மறுபடி கரட்டும் கோவாவுமாக மூட்டை தூக்கினேன். மழைக்காலம் முடியுமுன்பே வேறொரு கிளப் கூப்பிட்டது. தோள் கழன்ற கேஸ்.

இப்போது அங்கேதான் ஆடுகிறேன். முதல் பயிற்சி போன கிழமை நடந்தது. புதுப் பையன்கள், என்னைவிட எவ்வளவோ இளையவர்கள். தடுப்பு வரிசையில் எனக்கு இடப்பக்கம் நின்றவன் சிங்களத்தில் "அண்ணே, எப்ப முன்னால போறது?" என்று கேட்டான். எதிரே பந்து கிளம்பிவிட்டது. "இப்ப! இப்ப!" என்று கத்தினேன். வரிசை முழுவதும் ஒன்றாக முன்னேறியது.