பாஸ்வேர்டு தம்பிக்குத் தராத பாஸ்வேர்டு

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு எதிரெதிரே வர வேண்டும், விலக வேண்டும், மறுபடி வர வேண்டும். நாள் முழுக்க எதிரே நிற்கும் ஆளின் முகம்தான் கண்ணில் படும். அங்கே வேலை செய்யும் அண்ணிக்கு, அப்படிப் பார்த்துப் பார்த்தே முகம் வரையும் பைத்தியம் பிடித்தது. பேசும்போது யாருடைய மூக்கு சேர்ந்து ஆடும், யார் சிரித்தால் கண் சிரிக்காது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. வீட்டு வேலை முடிந்ததும் கணினி முன்னால் உட்கார்ந்து, அதோடு இணைத்த வரைபலகையில் பேனாவை ஓட்டினால், சலவைக்கூட மேற்பார்வையாளர் கழுத்தில்லாத ஆந்தையாக வந்து உட்காருவார். யாருக்கும் அடங்கிப் போகாமல் அவள் இருந்த இடம் அது ஒன்றுதான்.

அந்த இடத்துக்கும் ஒரு காவல்காரர் இருந்தார். கணவரின் தம்பி. சொந்தத்தில் யார் கணினி வாங்கினாலும் அதைத் தயார் செய்து கொடுப்பவர் அவர். காசு வாங்க மாட்டார், முகம் சுளிக்க மாட்டார். ஆனால் எல்லாவற்றுக்கும் மேலான அந்த அட்மின் பாஸ்வேர்டை மட்டும் தன்னிடமே வைத்துக்கொள்வார். புதிதாக எந்த மென்பொருளைப் போட்டாலும் திரை பாஸ்வேர்டு கேட்கும். அவருக்குப் போன் போட வேண்டும். அவர் தன் வீட்டில் இருந்தபடியே இணையம் வழியாக உள்ளே நுழைந்து போட்டுத் தருவார். நுழைந்தவர் நாலு பக்கமும் எட்டிப் பார்க்காமல் போக மாட்டார். பாஸ்வேர்டு தம்பி என்று அவருக்குப் பேர் வந்தது அப்படித்தான்.

அண்ணி அவரையும் வரைந்தாள். இடுப்பில் அவரைவிடப் பெரிய சாவிக்கொத்து, முகத்தில் தியாகியின் களை. ஒரு நாள் கணினியைத் திறந்தால் அந்தப் படத்தை மட்டும் காணவில்லை. போன் போட்டாள்.

"தம்பி, என் படம் ஒண்ணைக் காணோமே."

"அதுவா அண்ணி? மிஷின் ஸ்லோவா இருந்துச்சு. குப்பையெல்லாம் கொஞ்சம் சுத்தம் பண்ணேன்."

குப்பை என்ற சொல் அண்ணிக்குச் சுருக்கென்று தைத்தது. கணவரிடம் சொன்னாள்.

"விடு, ஒரு படம்தானே. அவன் நல்லதுக்குத்தான் செய்வான்."

"நாளைக்கு உங்க சட்டையை அவர் நல்லதுக்குன்னு கொளுத்தினா சும்மா இருப்பீங்களா?"

கணவர் டிவியின் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

மறுநாள் டீ நேரத்தில் அண்ணி கொட்டித் தீர்த்ததைச் சலவைக்கூடத்துப் பாய்லர்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். "இருக்கற சிஸ்டத்தை வழிச்சுத் துடைச்சுட்டு, லினக்ஸ்னு ஒரு இலவச சிஸ்டம் இருக்கு, அதைப் போடும்மா," என்றார். "என் வீட்ல அதான் ஓடுது. யார் போடறாங்களோ அவங்கதான் அட்மின். பிரிண்டர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், அப்ப என்னைத் திட்டாதே." அடுத்த நாள் அதை ஒரு பென் டிரைவில் கொண்டுவந்து கொடுத்தார்.

அண்ணி அவசரப்படவில்லை. பழைய சிஸ்டத்தைத் தொடாமல், பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்த்தாள். வரைபலகைப் பேனா சொன்ன பேச்சைக் கேட்டது. அதுவரை வரைந்த படங்களை எல்லாம் வேறொரு பென் டிரைவில் எடுத்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் பழையதைத் துடைத்துவிட்டு லினக்ஸைப் போட்டாள். எந்தக் கீபோர்டு என்று அது கேட்டபோது, நம்ம வீடு நம்ம பாஷை என்று தமிழைத் தட்டினாள். பாஸ்வேர்டு வைக்கச் சொன்னபோது எழுத்து தெரியவில்லை, புள்ளி புள்ளியாக விழுந்தது. இரண்டு முறை ஒரே மாதிரி அடித்தாள், ஏற்றுக்கொண்டது. கணினி அணைந்து மறுபடி எழுந்த நேரம் பார்த்துப் பாஸ்வேர்டு தம்பி வாசலில் வந்து நின்றார். கணவர் உளறியிருக்கிறார்.

அவர் பார்த்துக்கொண்டிருக்க அண்ணி பாஸ்வேர்டை அடித்தாள். தவறு என்றது. நிதானமாக அடித்தாள். தவறு. இப்போது எழுந்தால் இனி ஜென்மத்துக்கும் இந்த நாற்காலி தனக்கு இல்லை என்று தெரிந்தது.

"நகருங்க அண்ணி. இதெல்லாம் உங்களுக்கு எதுக்கு? பழையதையே போட்டுத் தர்றேன்."

"நகர மாட்டேன்."

"பாஸ்வேர்டே மறந்துபோச்சே."

"மறக்கலை. என் விரலுக்குத் தெரியும்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. விரல் அதே பொத்தான்களைத்தான் தட்டியது. அப்படியென்றால் பொத்தானுக்குப் பின்னால் எழுத்து மாறியிருக்க வேண்டும். திரையின் மூலையில் பார்த்தாள். கீபோர்டு ஆங்கிலம் என்று இருந்தது. வைக்கும்போது தமிழில் வைத்த பாஸ்வேர்டை இத்தனை நேரமும் ஆங்கிலத்தில் அடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். தமிழுக்கு மாற்றி, அதே பொத்தான்களை அதே வரிசையில் தட்டினாள். திறந்துகொண்டது.

கணவர் கைதட்டப் போய், தம்பியின் முகத்தைப் பார்த்துக் கையைத் தேய்த்துக்கொண்டார்.

"சரி, அந்தப் பாஸ்வேர்டை என்கிட்டயும் சொல்லி வைங்க அண்ணி. நாளைப் பின்னே ஏதாவது ஆச்சுன்னா?"

"ஏதாவது ஆனா நான் பார்த்துக்கறேன் தம்பி. காபி குடிக்கிறீங்களா?"

பாய்லர்காரர் சொன்னபடியே பிரிண்டர் முரண்டு பிடித்தது. அண்ணி அதோடு மல்லுக்கட்டினாள், திட்டினாள், கடைசியில் வழிக்குக் கொண்டுவந்தாள். ஒரு தடவைகூடப் பாஸ்வேர்டு தம்பிக்குப் போன் போடவில்லை. போன் வராதது பொறுக்காமல் அவராகவே ஒரு நாள் வந்தார்.

கணினியை முடுக்கினார். பாஸ்வேர்டு கேட்கும் முதல் திரையிலேயே, திரை முழுக்க அவர் இருந்தார். அண்ணி மறுபடி வரைந்திருந்தாள். சாவிக்கொத்து முன்னைவிடப் பெரிது, ஆள் முன்னைவிடச் சின்னது. தியாகியின் களை மட்டும் மாறவில்லை. அவர் ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதை எடுத்துடுங்க அண்ணி."

"நீங்களே எடுத்துடுங்க தம்பி," என்று அண்ணி கீபோர்டை அவர் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டு, காபி போட உள்ளே போனாள்.