சக்கரத்தில் அப்பா பெயர்

சுங்க அனுமதிக்காகக் கூரியர் கம்பெனி அனுப்பிய தகவலில், "இறக்குமதியாளர்: திரு. ஆ. தமிழ்க்குமரன், கரிக்கலாம்பாக்கம், புதுச்சேரி" என்று இருந்தது. இறக்குமதியாளர் என்றால் கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அறை, துறைமுகத்தில் தெரிந்த நாலு பேர், குறைந்தபட்சம் ஒரு ஜோடி ஷூ இருக்கும் என்று யாரும் நினைப்பார்கள். தகவல் வந்த நேரத்தில் அந்த இறக்குமதியாளர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கரும்புக்குப் பாய்கிற வாய்க்காலில் அடைத்திருந்த காய்ந்த கரும்புச் சோகையைக் கையால் வாரிப் போட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு உள்ளது இரண்டு காணி கரும்பு, ஒரு போர்வெல்லில் பாதி உரிமை, சர்க்கரை வியாதி. அவன் கடல் கடந்து வரவழைத்தது சைக்கிளுக்கு இரண்டு கார்பன் சக்கரங்கள்.

எல்லாம் வியாதியில் ஆரம்பித்தது. தினமும் வேகமாக நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். கரிக்கலாம்பாக்கத்தில் ஒருவன் வேலை எதுவும் இல்லாமல் வேகமாக நடந்தால், எதிரே வருகிறவர்கள் எல்லாம் நிறுத்தி, "இன்னா தமிழு, யாருனா பூட்டாங்களா?" என்று விசாரிப்பார்கள். சைக்கிளில் போகிறவனை யாரும் விசாரிப்பதில்லை. அதனால் மாற்றலாகிப் போன ஒரு வங்கி அதிகாரியிடம் பழைய ரேஸ் சைக்கிள் ஒன்றை வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் வில்லியனூர் பைபாஸில் ஓட்டும் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டான்.

அந்தக் கூட்டத்தில் ஓயாத பேச்சு எடையைப் பற்றியது. உடம்பின் எடை அல்ல, சக்கரத்தின் எடை. வயிற்றில் பத்துக் கிலோ கூடுதலாகச் சுமக்கிறவர்கள், சக்கரத்தில் சில கிராம் குறைவதைப் பற்றி டீ ஆறும்வரை பேசினார்கள். தமிழ்க்குமரனுக்கு இது சுத்த முட்டாள்தனமாகப் பட்டது. அடுத்த கரும்பு வெட்டுக்குள் அவனுக்கும் அது தொற்றிவிட்டது.

கார்பன் சக்கரத்துக்குக் கடையில் சொன்ன விலைக்குக் கன்றோடு ஒரு கறவை மாடு வாங்கலாம். சீனாவில் இருக்கும் தொழிற்சாலையிலேயே நேராகக் கேட்டால் மாடு மிச்சம், கன்றின் விலைதான் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். தமிழ்க்குமரன் போனில் கேட்டான். மறுமுனையில் லில்லி என்று ஒரு பெண் விற்பனைப் பிரிவில் இருந்தாள். அவள் எழுதுவதைப் போன் தமிழாக்கியது, இவன் எழுதுவதைச் சீனமாக்கியது. வாக்கியத்துக்கு ஒரு 'டியர்' மட்டும் எந்த மொழிக்கும் மாறாமல் அப்படியே வந்து நின்றது.

"யாருங்க இந்த லில்லி?" என்றாள் மனைவி மகாலட்சுமி. "சேத்துல நிக்கிற ஆளுக்கு டியர் போடுறா."

"எல்லாருக்கும் அப்பிடித்தான் போடுவாங்க."

"எல்லாருக்கும் போட்டா இன்னும் கேவலம்."

சக்கரத்துக்குப் பணம் கட்டிய அன்றிலிருந்து ஒரு மாதம் அவள் அவனோடு பேசவில்லை. சோறு வைக்கிற தட்டு மட்டும் பேசியது, சத்தமாக.

பணம் கட்டிய பிறகு லில்லி ஒரு கேள்வி கேட்டாள். "ரிம்மில் என்ன பெயர் வேண்டும், டியர்? எங்கள் பெயரா, உங்களுக்குப் பிடித்த பெயரா? இலவசம்." வம்பு முழுக்க இந்த இலவசத்தில் இருந்து வந்தது.

தமிழ்க்குமரனுக்கு ஓர் அண்ணன் உண்டு, மணவாளன். அப்பா ஆதிமூலம் போன பிறகு நிலம் பிரிந்தது. ரோட்டை ஒட்டிய பங்கை மணவாளன் எடுத்துக்கொண்டான். எடுத்த கையோடு நெல் வயலில் கல் நட்டு, மனை போட்டு, வாசலில் வளைவு கட்டி, 'ஆதிமூலம் நகர்' என்று எழுதினான். பிறகு டிராக்டர், காரின் பின்கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி, வருஷாவருஷம் அடிக்கும் காலண்டர் எல்லாவற்றிலும் ஆதிமூலம் ஏறினார். அப்பா பெயர் பாகப் பத்திரத்தில் எழுத மறந்துபோன சொத்து. பெரியவன் அதை முழுசாக அனுபவித்துக்கொண்டிருந்தான். சின்னவனுக்குக் கிடைத்த பங்கு பெயருக்கு முன்னால் ஒரு 'ஆ', அதற்குப் பின்னால் ஒரு புள்ளி.

ஆகவே லில்லி கேட்டதும் தமிழ்க்குமரன் யோசிக்கவில்லை. ஸ்கெட்ச் பேனாவால் 'ஆதிமூலம்' என்று கொட்டை எழுத்தில் எழுதிப் படம் பிடித்து அனுப்பினான். "அழகான டிசைன், டியர்" என்றாள் லில்லி.

சக்கரங்கள் வந்தன. கறுப்பு ரிம்மில் வெள்ளை எழுத்தில், பக்கத்துக்கு இரண்டு தரம் ஆதிமூலம். காய்கறித் தராசில் வைத்தபோது இரண்டும் சேர்ந்து ஒன்றரைக் கிலோகூட நிற்கவில்லை. "ஒன்றரை கிலோ கத்திரிக்காய் வாங்கியிருந்தா கொழம்பாச்சும் ஆயிருக்கும்" என்று மகாலட்சுமி தன் மௌனத்தை முடித்துக்கொண்டாள்.

இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரே வண்டிப்பாதை. தமிழ்க்குமரன் மெயின் ரோட்டுக்குப் போக வேண்டுமானால் அண்ணன் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். மூன்றாவது வீட்டாருக்குக் கேட்கிற தொண்டையில் மணவாளன் நிறுத்தினான்.

"இன்னாடா இது?"

"சக்கரம்."

"எனக்கு கண்ணு தெரியும். அதுல இன்னா எழுதிகீது?"

"கண்ணு தெரியும்னியே, படி."

"அப்பா பேர தரையில உருட்டுறியேடா! நாயி ஒன்னுக்குப் போன ரோட்டுல!"

"பாதி நேரம் மேலதானே இருக்குது."

"மீதி நேரம்?"

"மீதி நேரத்த உன் வளைவுல போயி கேளு. அப்பா வெதச்ச நெலத்த கூறு போட்டு வித்துட்டு, அதுக்கு அப்பா பேரு வெச்சிருக்கிற. அங்க நாயி போறதில்லியா?"

"என்னுது உசரத்துல கீது. போறவன் வர்றவன் அண்ணாந்து பாக்குறான்."

"மேல காக்கா இருக்குதான்னு பாக்குறான்ணே."

அந்த மாதம் அம்மாவுக்குப் பெரியவன் வீட்டில் முறை. கோகிலாம்பாள் புருஷன் பெயரை வாயால் சொன்னதே கிடையாது. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பின்னால் நிற்பவளைச் சொல்லச் சொல்வாள். மணவாளன் அவளைக் கூப்பிட்டு, "நீயே கேளும்மா இந்த அநியாயத்த" என்றான். அவள் குனிந்து சக்கரத்தைப் பார்த்தாள்.

"இது அவரு பேருன்றியா?"

"ஆமா."

"அவரு காலு பொழுதன்னிக்கும் சாணியிலதான் கெடந்துது. பேரு மட்டும் இன்னா பட்டு மெத்தையில படுக்கணுமா? போயி வேலய பாருங்கடா ரெண்டு பேரும்."

தீர்ப்பு இரண்டு பேருக்கும் எதிராகப் போனதால் இரண்டு பேரும் ஏற்கவில்லை. மணவாளன் தன் தீர்ப்பைச் சொன்னான்: "அப்பா தெவசத்துக்குள்ள அவரு பேரு தரைய விட்டு ஏறணும். இல்லன்னா அன்னிக்கு நீ என் வாசப்படிய மிதிக்காத. எள்ளுத் தண்ணி நான் ஒருத்தன் விட்டுக்கிறேன்."

அது தமிழ்க்குமரனுக்குச் சுருக்கென்று குத்தியது. தெவசம் நடப்பது பெரிய வீட்டில். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் அவனும் ஆதிமூலத்தின் மகன் என்பதை அந்த வீடு ஒப்புக்கொள்ளும். அதை விடவும் மனம் வரவில்லை, பெயரை அழிக்கவும் மனம் வரவில்லை. வீம்பை விழுங்கிக்கொண்டு லில்லியிடம் கேட்டான்: எழுத்தை எடுக்க முடியுமா?

"எழுத்து மேல்பூச்சுக்கு அடியில் இருக்கிறது, டியர். சுரண்டினால் ரிம் கெடும். கவலை வேண்டாம், எப்போதும் அழியாது. தரத்துக்கு நாங்கள் பொறுப்பு."

இதற்கிடையில் மணவாளன் ஒரு டிப்பர் மாட்டு எருவை வரவழைத்து வண்டிப்பாதையின் குறுக்கே கொட்டினான். ஆதிமூலம் நகர்ப் பூங்காவுக்கு என்றான். பூங்கா என்பது மனை வரைபடத்தில் பச்சை அடித்த ஒரு கட்டம். அங்கே அதுவரை ஒரு துளசிச் செடிகூட இல்லை, எரு கொட்டிய இடத்திலிருந்து அது நல்ல தூரத்திலும் இருந்தது. ஒரு மழை பெய்தது, டிராக்டர் நாலு தரம் மிதித்துப் போனது, பாதை முழுக்கக் கரைந்த சாணியானது. அப்பா பெயரில் தூசு படக்கூடாது என்று சண்டை போட்டவன், அப்பா பெயர் வருகிற வழியெல்லாம் சாணியைப் பரப்பி வைத்துவிட்டு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான்.

தமிழ்க்குமரன் சைக்கிளை ஓட்டவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, சைக்கிளைத் தோளில் ஏற்றிக்கொண்டு, கணுக்கால் முழுகச் சாணியில் நடந்தான். இவ்வளவு செலவு செய்து குறைத்த எடை முதன்முதலாகப் பயன்பட்டது சுமப்பதற்கு. தினமும் காலையில் இப்படி நடந்தது. தினமும் காலையில் நாற்காலியும் இருந்தது.

ஒருநாள் நாற்காலி பேசியது.

"இன்னாடா, அப்பன தோள்ல தூக்கிகினு போறியா? உசுரோட இருக்கும்போது தூக்கியிருந்தா புண்ணியமா போயிருக்கும்."

ஆதிமூலம் குளியலறையில் விழுந்த காலையில் நல்ல மழை. பாதைக்குள் ஆட்டோ வரவில்லை. மணவாளன் பத்திரப்பதிவு அலுவலகத்தில் இருந்தான், போன் அணைந்திருந்தது. அப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு இதே பாதையில் மெயின் ரோடு வரை தூக்கிப் போனது தமிழ்க்குமரன். இது ஊருக்குத் தெரியும். மணவாளனுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும், அதனால்தான் சொன்னான்.

தமிழ்க்குமரன் நின்றான். சைக்கிளைத் தோள் மாற்றிக்கொண்டு நடந்தான்.

வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதே மகாலட்சுமிக்கு விஷயம் வந்து சேர்ந்திருந்தது. அவர்கள் தெருவில் செய்திக்குக் கால் வேகமானது.

"ஒரு வார்த்த திருப்பி சொல்லலியா நீங்க?"

"சொல்லிட்டு?"

"நாக்க புடுங்கிக்கிற மாதிரி நாலு கேட்டுட்டு வர்றதுக்கு இன்னா? நானா இருந்தா அந்த நாற்காலியோட தூக்கிப் போட்டிருப்பேன் அந்தாள."

அவன் உள்ளே போய்ப் பழைய ஸ்கெட்ச் பேனாவைத் தேடினான். வெள்ளைத் தாளை விரித்துக் கொட்டை எழுத்தில் ஏதோ எழுதினான். பிறகு போனை எடுத்தான். திரையில் லில்லி பெயரைப் பார்த்ததும் மகாலட்சுமி பல்லைக் கடித்தாள்.

"மறுபடியும் சக்கரமா? இந்த வூட்ல ஒருத்தனுக்காச்சும் புத்தி…"

அதற்குள் தாளைப் பார்த்துவிட்டாள். அதில் 'மணவாளன்' என்று இருந்தது.

அவள் தாளைக் கையில் எடுத்தாள். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள். உள்ளே போய், அரிசிப் பானைக்குள் இருந்த சீட்டுப் பணத்தை எடுத்து வந்து அவன் முன்னால் வைத்தாள். முதல் ஜோடிக்கு ஒரு மாதம் வாய் திறக்காதவள், இரண்டாவது ஜோடிக்கு யோசனையும் சொன்னாள்.

"எழுத்து இன்னும் பெருசா இருக்கட்டும். பின்னால சக்கரத்துல நல்லா தெரியணும், அங்கதான் சாணி அதிகமா ஒட்டும். அப்புறம் அந்த லில்லிக்கு என் பேர சொல்லி ஒரு வணக்கம் போடுங்க."

லில்லி உடனே பதில் எழுதினாள். "பழையதைவிட இந்த டிசைன் நன்றாக இருக்கிறது, டியர். இது யார் பெயர்?"

"என் அண்ணன்."

"அண்ணன்மேல் இவ்வளவு பாசமா! என் மனம் நெகிழ்கிறது." மூன்று சிவப்பு இதயங்கள் வந்தன. அவற்றைப் போன் மொழிபெயர்க்கவில்லை.

சரக்கு வருவதற்கும் சுங்கம் கட்டுவதற்கும் ஆன காலத்தில் தமிழ்க்குமரன் பழைய அலுமினியச் சக்கரத்தை மாட்டிக்கொண்டான், எப்போதும்போலச் சைக்கிளைச் சுமந்துதான் பாதையைக் கடந்தான். தம்பி இறங்கி வந்துவிட்டான், பெயரைக் கழற்றிவிட்டான் என்று மணவாளன் டீக்கடையில் சொல்லிக்கொண்டான். தெவசத்துக்கு வரச் சொல்லி ஆள்கூட அனுப்பினான். வெற்றி பெற்றவனுக்கு வரும் தாராளம் அது. எருவை மட்டும் அள்ளவில்லை. பூங்கா வேலை இன்னும் பாக்கி இருக்கிறது என்றான்.

ஆதிமூலம் எழுதிய சக்கரங்கள் கூடத்துச் சுவரில் ஏறின. அப்பா படத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. தரையிலிருந்து ஓர் ஆள் உயரம். மணவாளன் போட்ட நிபந்தனையில் ஓர் எழுத்து குறையவில்லை: அவர் பெயர் தரையை விட்டு ஏறிவிட்டது.

தெவசத்தன்று காலை தமிழ்க்குமரன் குளித்து, வேட்டி கட்டி, அண்ணன் பெயர் எழுதிய சக்கரங்களைச் சைக்கிளில் மாட்டி, அண்ணன் கொட்டி வைத்த சாணியின் மேலேயே, சைக்கிளை விட்டு இறங்காமல் ஓட்டிக்கொண்டு, அப்பாவுக்கு எள்ளுத் தண்ணி விட அண்ணன் வீட்டுக்குப் போனான்.